பேருந்தில் கல் விழுந்தால்: வட சென்னைப் பயணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் ஏலம் முடிந்து, அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் அக்காக்களை வட சென்னையில் பார்க்காதவர் கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, அப்படி ஓர் அக்காவுக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கொருக்குப்பேட்டை தாண்டியதும் பக்கவாட்டு ஜன்னல் டப்பென்று வெடித்தது. கல் யார் மேலும் படவில்லை. கண்ணாடி மட்டும் கற்கண்டை உடைத்ததுபோலச் சின்னச் சின்னக் கட்டிகளாக அவர் கூடைக்குள் கொட்டியது. அன்றைக்கு அவர் வாங்கியிருந்தது நெத்திலி. மீனும் கண்ணாடியும் ஒரே மாதிரி மின்னின.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தார். பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்து கூடையை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். “ஒண்ணு கண்ணுக்குத் தப்பிப் போய் ஒரு புள்ள வாயில குத்துச்சுன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?” என்றார்.

வண்டி டிப்போவுக்குத் திரும்பியது. டிரைவரும் கண்டக்டரும் மதியம் வரை காவல் நிலையத்தில். அன்று அந்த வண்டி அடிக்க வேண்டிய மற்ற சிங்கிள்கள், அதாவது ஒருவழி நடைகள், எல்லாம் கட். சேதம் என்று எழுதும்போது ஒரு கண்ணாடி என்றுதான் எழுதுவார்கள். கூடை மீனும், கட்டான சிங்கிளுக்காக வெயிலில் நின்றவர்களும் அந்தக் காகிதத்தில் வர மாட்டார்கள். பயணிகள் நாமே எழுதிக் கொடுத்தால்தான் வருவார்கள். எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது, அதற்கு முன்பு அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தடங்களில் போய் வந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம்

பேருந்துத் தொல்லை என்றாலே ‘வட சென்னைப் பசங்க’ என்று முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. 2019 ஜூன் மாதம், தாங்கள் போகும் பேருந்தைக் கொண்டாடும் ‘பஸ் டே’ என்று மேற்கூரையில் ஏறிய கல்லூரி மாணவர்கள், டிரைவர் பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் விழுந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். உயர் நீதிமன்றம் தடை போட்ட கொண்டாட்டம் அது. அடுத்த மாதமே, பெரம்பூரிலிருந்து திருவேற்காடு போகும் 29ஈ பேருந்தில் அரும்பாக்கத்தில் வைத்து மாணவர்களை மாணவர்களே அரிவாளால் வெட்டினார்கள். நடந்தவை உண்மை. ஆனால் அந்த வண்டிக்குள் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். வண்டி நின்றுபோனால் நடந்து போகிறவர்களும் நாம்தான். அதனால் புகார் கொடுப்பது ஊரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை, ஏனென்றால் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பலர் தயங்குவதே இதனால்தான்.

படி 1: அந்த நிமிடத்தில்

கல் வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, யார் என்று பார்க்க ஜன்னல் பக்கம் சாய்வது. முதல் கல்லுக்குப் பின்னாலேயே இரண்டாவதும் வரலாம். தலையைக் குனிந்து, முகத்தைத் துப்பட்டாவாலோ பையாலோ மூடிக்கொள்ளுங்கள். குழந்தை இருந்தால் ஜன்னல் பக்கத்திலிருந்து வண்டியின் நடுவழிப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

“வண்டிய நிறுத்துங்க” என்று கத்தாதீர்கள். அனுபவமுள்ள டிரைவர் இருட்டான இடத்தில் நிறுத்த மாட்டார். வெளிச்சமும் கடையும் இருக்கும் இடமோ அடுத்த நிறுத்தமோ வந்த பிறகுதான் ஓரங்கட்டுவார். அவர் போக்கில் விடுங்கள். முன் கண்ணாடியில் கல் பட்டிருந்தால் அது சிலந்தி வலைபோல விரிசல் விட்டு அப்படியே நிற்கும், உள்ளே ஒரு படலம் பிடித்துக்கொண்டிருப்பதால். டிரைவருக்குச் சாலை தெரியாமல் போவதுதான் அதில் ஆபத்து. பக்கவாட்டுக் கண்ணாடி அப்படி நிற்காது, கட்டிகட்டியாகக் கொட்டிவிடும். கட்டிகளின் ஓரம் அவ்வளவு கூர்மையாக இருக்காது என்றாலும், தூளாகப் பறப்பது கண்ணில் விழும்.

கண்ணில் விழுந்தால் கசக்கவே கூடாது. தூள் என்றால் கைவசம் இருக்கும் குடிநீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். குத்தி நிற்கிறது என்று தோன்றினால் கழுவவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். அழுத்தம் படாமல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேராக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819இல் தொடங்கிய மருத்துவமனை அது. மற்ற காயம் என்றால் 108ஐக் கூப்பிடலாம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் ஸ்டான்லி. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் பெரியார் நகர் அரசு மருத்துவமனை.

மருத்துவமனையில் “கீழ விழுந்துட்டேன்” என்று சொல்லாதீர்கள். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்ற பயத்தில் பலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். பேருந்தில் போகும்போது கல்லெறிந்ததில் அடிபட்டது என்றே சொல்லுங்கள். மருத்துவர் அதை விபத்துப் பதிவேட்டில் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர்.) எழுதுவார். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம்.

எறிந்தவர்களைத் துரத்திப் போகாதீர்கள். ஒருமுறை எங்கள் வண்டியிலிருந்து ஒரு பையன் இறங்கி ஓடினான். அவன் திரும்பி வரும்வரை அவன் அம்மா படிக்கட்டில் நின்று அழுத அழுகையை மறக்க முடியாது.

படி 2: டிக்கெட்டின் பின்னால் ஐந்து விவரம்

நேரம், இடம், தடம் எண், வண்டி எண், எந்தத் திசையிலிருந்து கல் வந்தது. இந்த ஐந்தும் போதும். மற்றதெல்லாம் பிறகு.

நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். இடத்துக்கு “மூலக்கடை கிட்ட” என்பது போதாது. கடைப் பெயர், மின்கம்ப எண், கோயில், பெட்ரோல் பங்க் என்று ஏதாவது ஒன்று வேண்டும். வண்டி எண் என்பது பதிவு எண். பலகையில் இருக்கும் தடம் எண்ணோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிப்போ குறியீட்டோடு ஓர் எண்ணும் வண்டியில் எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொண்டால் நல்லது. டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். கட்டணமில்லாப் பயணம் போகும் பெண்களும் கண்டக்டர் கொடுக்கும் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்த வண்டியில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. வண்டி மேற்கொண்டு போகவில்லை என்றால், கண்டக்டர் அதே டிக்கெட்டில் பின்னால் வரும் வண்டியில் ஏற்றிவிடுவார். புது டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

போட்டோ எடுப்பதாக இருந்தால் உடைந்த கண்ணாடி, விழுந்த கல், இருக்கை, வண்டி எண் இவற்றை எடுங்கள். ஓடுகிறவர்கள் முகம் கிடைத்தால் அதைப் போலீஸிடம் மட்டும் கொடுங்கள். வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். அவன் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால், அவன் யார் என்று தெரியும்படி வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது. தவிர, தவறான பையன் முகம் ஊர் முழுக்கப் போய்விட்டால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

படி 3: யாருக்குப் போன் செய்வது

உடனடி ஆபத்துக்கு 112 அல்லது 100. பெண்களுக்கு 181, குழந்தைகள் சம்பந்தப்பட்டிருந்தால் 1098. காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியைப் போனில் வைத்திருந்தால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு 149.

போனில் கதை சொல்லத் தொடங்காமல் டிக்கெட்டின் பின்னால் எழுதியதை வாசியுங்கள். “கொடுங்கையூர், இந்தக் கடை எதிரில், இரவு 9.52, பேருந்து மேல் கல்லெறிந்தார்கள், ஒருவருக்கு நெற்றியில் ரத்தம்.” இவ்வளவு போதும்.

படி 4: காவல் நிலையத்தில்

பேருந்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கு டிரைவர் அல்லது கண்டக்டர் புகார் கொடுப்பார். உங்களுக்குக் காயம் பட்டாலோ பொருள் போனாலோ அது தனிப் புகார். நீங்களே கொடுக்க வேண்டும். அவர்கள் புகாரில் “பயணிகள் சிலருக்குக் காயம்” என்று ஒரு வரி இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த மீன்கார அக்கா புகார் கொடுக்கவில்லை. நானும் அன்று கொடுக்கச் சொல்லவில்லை. அது என் மனதில் இன்னும் உறுத்துகிறது.

புகார் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படி எழுதலாம்:

“ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். இன்று (தேதி) இரவு சுமார் 9.52 மணிக்கு, தடம் எண் ….. , வண்டி எண் ….. பேருந்தில் இடது பக்க ஜன்னலோரம் அமர்ந்து பயணம் செய்தேன். ….. அருகே வந்தபோது இடது பக்கச் சாலையோரம் நின்ற, அடையாளம் தெரியாத இருவர் கல்லெறிந்தனர். ஜன்னல் கண்ணாடி உடைந்து எனக்கு நெற்றியில் காயம் ஏற்பட்டது. ….. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன். விபத்துப் பதிவேட்டு நகலும் பயணச்சீட்டும் இணைத்துள்ளேன். உரிய நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

பார்த்ததை மட்டும் எழுதுங்கள். “அந்தத் தெருப் பசங்களாகத்தான் இருக்கும்” என்ற ஊகம் புகாரைப் பலவீனப்படுத்தும், வீண் பகையும் சேரும்.

கொடுத்ததும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. “அது எங்க எல்லை இல்ல, பக்கத்து ஸ்டேஷன் போங்க” என்ற பதிலை வட சென்னைக்காரர்கள் நிறையக் கேட்டிருப்போம். இங்கே ஒரே பேருந்து ஒரு பயணத்தில் பல காவல் நிலைய எல்லைகளைத் தாண்டும். எண்ணூர், மணலி பக்கம் போனால் ஆணையரகமே மாறிவிடும், 2022இல் ஆவடி தனி ஆணையரகம் ஆனதிலிருந்து. ஆனால் அதே 173ஆம் பிரிவின்படி, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வாங்கி, உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் அதே புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தேதியைக் குறித்து வைத்துக் கேளுங்கள்.

பேருந்தை உடைப்பவர்கள் மேல் வழக்கமாகப் பாய்வது தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், 1992. குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை, அபராதம் தனி. டிரைவர், கண்டக்டரைப் பணி செய்யவிடாமல் அடித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவும் சேரும். இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் பல வழக்குகள் நிற்காததற்கு நான் பார்த்த காரணம் ஒன்றுதான்: சாட்சி இல்லை. ஐம்பது பேர் இருந்த வண்டியில் நடந்ததற்கு டிரைவரும் கண்டக்டரும் மட்டும் சாட்சி. அவர்கள் அதே தடத்தில் மறுநாளும் ஓட்ட வேண்டியவர்கள். இரண்டு பயணிகள் பெயரும் போன் நம்பரும் கொடுத்தாலே அவர்களுக்கு எவ்வளவு தெம்பு வருகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

படி 5: கேமரா பதிவு அழிவதற்கு முன்

2022 மே மாதத்திலிருந்து, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில், மாநகரப் பேருந்துகளில் கேமராவும் சிவப்பு அவசரப் பொத்தானும் பொருத்தத் தொடங்கினார்கள். உங்கள் வண்டியில் இருந்தால் பதிவு இருக்கும். ஆனால் எந்தக் கேமராவிலும் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். சம்பவம் நடந்த மறுநாளே, புகார் நகலோடு டிப்போ கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த வண்டி, பதிவைப் பாதுகாத்துப் போலீஸிடம் ஒப்படைக்கவும். பதிவை உங்களிடம் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். பாதுகாத்தால் போதும்.

சாலையோரக் கடைக் கேமராக்களுக்கும் இதே அவசரம். கடைக்காரரிடம் நீங்கள் போய் நின்றால் தயங்குவார். எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள், அவர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

பேருந்துக்குள்ளேயே தொல்லை என்றால்

படிக்கட்டில் தொங்குவது, கூரையைத் தட்டுவது, குடித்துவிட்டுக் கெட்ட வார்த்தை பேசுவது, சீட்டைக் கிழிப்பது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. கானா பாடுகிற பையன்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காலை நேரத்தில் அலுப்பாக இருக்கலாம், குற்றம் கிடையாது. படிக்கட்டுப் பயணத்துக்குத் தானியங்கிக் கதவுதான் நல்ல மருந்து. உங்கள் தடத்தில் கதவு வேலை செய்யாத வண்டி வந்தால் வண்டி எண்ணோடு 149க்குச் சொல்லுங்கள்.

பெண்களைச் சீண்டினால் நிலைமை வேறு. 1998இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு வந்தது பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம். பேருந்துக்குள் ஒரு பெண் புகார் சொன்னால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது டிரைவர், கண்டக்டரின் கடமை என்று அது சொல்கிறது. 2022இல் மோட்டார் வாகன விதிகளிலும் திருத்தம் வந்தது. முறைத்துப் பார்ப்பது, விசில் அடிப்பது, சைகை காட்டுவது என்று தொல்லை கொடுக்கும் ஆணைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், போலீஸிலும் ஒப்படைக்கலாம். அதனால் “கண்டக்டர், இவரை இறக்கிவிடுங்க” என்று தயங்காமல் உரக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். “எல்லாருக்கும் லேட் ஆகுதே” என்ற முணுமுணுப்பு அந்த இடத்தில் எழவே கூடாது.

படி 6: நின்றுபோன வண்டியைத் திரும்பக் கொண்டுவருவது

இதைத்தான் நான் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடி மறுநாள் மாற்றிவிடுவார்கள். கட்டான இரவு சிங்கிள் அவ்வளவு சீக்கிரம் வராது.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை கல் விழும். இரவு டூட்டிக்கு அந்தத் தடத்தில் போக யாரும் விரும்ப மாட்டார்கள். வண்டி முழுத் தூரம் போகாமல் முந்தைய நிறுத்தத்திலேயே திரும்பும். ஆள் ஏற வாய்ப்பில்லாததால் கலெக்‌ஷன் குறையும். கலெக்‌ஷன் இல்லை என்று அந்த சிங்கிளையே எடுத்துவிடுவார்கள். அறிவிப்பு எதுவும் வராது. ஒரு நாள் வராது, அப்புறம் வரவே வராது. ஷேர் ஆட்டோவுக்குக் காசு இருப்பவர்கள் அதில் போய்விடுவார்கள். கட்டணமில்லாப் பயணத்தை நம்பி, பாரிமுனைப் பக்கக் கடைகளில் இரவு வரை வேலை பார்த்துவிட்டு வரும் பெண்கள்தான் நிறுத்தத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் இரவு ஒன்பதே முக்கால் வண்டி இப்படித்தான் காணாமல் போனது. நான்கைந்து பேர் சேர்ந்து டீக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டோம், பேனாவை நூலில் கட்டி. தேதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், நிறுத்தத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நான்கு பத்தி. இரவில் கடைசியாக நிற்கிறவர் எழுத வேண்டும். முதல் நாள் எழுதியவர் ஒரு துணிக்கடை அக்கா. “வரவில்லை” என்ற ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நடக்கத் தொடங்கினார். பதினான்கு நாள் எழுதினோம். அதில் நான்கு நாள்தான் வண்டி வந்திருந்தது.

அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, முப்பது சொச்சம் கையெழுத்தோடு டிப்போ கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை. நோட்டை இரண்டு தடவை புரட்டிவிட்டு, “பஸ் சரியா வரல்லைன்னு தினம் சொல்றாங்க. எந்தத் தேதி, எத்தனை பேர்னு யாரும் சொன்னதில்ல” என்றார். நீங்கள் செய்யும்போதும் இதே மாதிரி ஒரே ஒரு வண்டியை, ஒரே ஒரு நேரத்தைக் கேளுங்கள். “கூடுதல் பேருந்து விடவும்” என்ற கோரிக்கைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. “9.45 சிங்கிளைத் திரும்ப ஓட்டவும், கடைசி நிறுத்தம் வரை வரவும்” என்றால் ஆம், இல்லை என்று ஒரு பதில் வந்தே ஆக வேண்டும்.

கடிதத்தின் ஒரு பிரதியை அண்ணா சாலைப் பக்கம் உள்ள பல்லவன் இல்லத்துக்கு, நிர்வாக இயக்குநர் பெயருக்கு அனுப்புங்கள். இன்னொன்று வார்டு கவுன்சிலருக்கு. ‘முதல்வரின் முகவரி’ குறைதீர்ப்பு எண் 1100லும் பதிவு செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்று கேள்வி போதும்: இந்தத் தடத்தில் இரவு 9 மணிக்கு மேல் அட்டவணைப்படி எத்தனை சிங்கிள்? கடந்த ஆறு மாதத்தில் மாதவாரியாக எத்தனை ஓடின, எத்தனை ரத்தாயின, காரணம் என்ன? இதே காலத்தில் இந்தத் தடத்தில் எத்தனை கண்ணாடி உடைப்பு, எத்தனைக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ரத்துக்குக் கல்வீச்சைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் புகார் குறைவாக இருந்தால், அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

படி 7: கல் கையில் கிடைக்காத சாலை

கல்லெறிய முதலில் கல் வேண்டும். எங்கள் தடத்தில் மூன்று தடவை கல் விழுந்த இடத்தைப் பகலில் போய்ப் பார்த்தோம். யாரோ வீடு இடித்த ஜல்லியும் செங்கலும் சாலையோரம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. பக்கத்தில் தெருவிளக்கு எரியவில்லை. முன்னால் ஒரு வேகத்தடை, வண்டி அங்கே கட்டாயம் மெதுவாகும். எறிபவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில்.

இடிபாட்டை அள்ளவும் விளக்கை எரியவைக்கவும் மாநகராட்சியை 1913 என்ற எண்ணில் கூப்பிடலாம். விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் ஆள் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. குவியல் போன பிறகு அந்த இடத்தில் கல் விழவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை விழுந்தது. ஆனால் அதற்கப்புறம் இல்லை.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் பக்கம் தடங்கள் மாற்றி விடப்படும்போது, பேருந்து பழக்கமில்லாத உள்சாலையில் நுழையும். அப்படிப் பாதை மாறினால் அந்தச் சாலையை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படி 8: பையன்களிடம் யார் பேசுவது

கல்லெறிந்த பையன்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவனுக்குக் காரணமே இல்லை, பந்தயம். இன்னொருவன் ‘ரூட்டு தல’யின், அதாவது ஒரு தடத்தில் போகும் மாணவர் கூட்டத்துத் தலைவனின், பின்னால் சுற்றியவன். எதிர் ரூட்டுப் பையன்கள் வரும் வண்டி என்று நினைத்து எறிந்தான், வண்டி மாறிவிட்டது. உள்ளே அவன் பெரியம்மா உட்கார்ந்திருந்தார்.

அறிவுரைக் கூட்டம் போட்டால் இவர்கள் வர மாட்டார்கள். போலீஸ் வைத்துப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் கேட்பது கால்பந்துக் கோச், கேரம் கிளப் அண்ணன், ஜிம் மாஸ்டர், இரண்டு வருடம் முன்னால் அதே கல்லூரியில் படித்து இப்போது வேலைக்குப் போகும் பையன். அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். பேச வேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, வழக்கு என்றால் என்ன ஆகும் என்பது: போலீஸ் வேலை, அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் காவல்துறை சரிபார்ப்பு உண்டு, பத்தொன்பது வயதில் போட்ட கேஸ் இருபத்தைந்து வயதில் எதிரே வந்து நிற்கும். இரண்டு, உடைந்த வண்டியில் யார் இருந்தார்கள் என்பது. அந்த மீன்கூடைக் கதையை நான் இதுவரை மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறேன். மூன்று இடத்திலும் பையன்கள் குனிந்துகொண்டார்கள். நெத்திலி என்ன விலை, கூடை எவ்வளவு போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பலர் வீட்டில் அதே கூடை இருக்கிறது.

கல்லூரி முதல்வருக்கும் எழுதலாம். பெயர் குறிப்பிடாமல், எந்தத் தடம், எந்த நேரம், எந்த நிறுத்தம் என்று மட்டும் எழுதினால், கல்லூரி விடும் நேரத்தில் அங்கே ஒரு பேராசிரியரோ காவலரோ நிற்க ஏற்பாடு செய்யலாம். ஒரே வண்டியில் நூறு பேர் முட்டி மோதி ஏறும் தடமாக இருந்தால், அந்த நேரத்துக்குக் கூடுதலாக ஒரு வண்டி கேட்டு டிப்போவுக்குக் கல்லூரியே எழுதச் சொல்லுங்கள். நெரிசலில் தொடங்கும் சண்டை எத்தனையோ.

வண்டி திரும்ப வந்த பிறகு

எங்கள் ஒன்பதே முக்கால் வண்டி இரண்டரை மாதம் கழித்து வந்தது. முதல் இரவு நிறுத்தத்தில் ஆறு பேர்தான் இருந்தோம், மற்றவர்களுக்கு ஷேர் ஆட்டோ பழகிவிட்டிருந்தது. அடுத்த ஒரு மாதம்தான் முக்கியம். ஆள் ஏறவில்லை என்றால் கலெக்‌ஷன் இல்லை என்று மறுபடி எடுத்துவிடுவார்கள். அதனால் பக்கத்துத் தெருக்களில் சொல்லுங்கள், கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுங்கள், பெண்கள் கட்டணமில்லாச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அந்தச் சீட்டும் பயணிகள் கணக்கில் சேரும். டீக்கடை நோட்டைக் கழற்றாதீர்கள். இப்போது அதில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: எத்தனை பேர் ஏறினார்கள்.